மலைக்காரரின் ஐந்தாவது உளி

என் மாமாவுக்கு முப்பத்து நான்கு வயது வரை கல்யாணம் ஆகாததற்குக் காரணம் ஜப்பான் கொல்லர்கள்தான் என்று அம்மா சொல்லுவாள். மாமா அம்மாவின் தம்பி. பர்மாவில், யாங்கூன் நகரத்தின் பபேடான் பகுதியில், எங்களோடுதான் மாடி வீட்டில் இருந்தார். ஒரு சரக்குக் கம்பெனியில் எழுத்தர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் க்யிம்யிண்டைங் பக்கம் போய்விடுவார். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களைக் குவித்து விற்கும் கொட்டகைகள் அங்கே இருந்தன. மற்றவர்கள் சைக்கிளும் மின்விசிறியும் தேடுவார்கள், மாமா உளி தேடுவார்.

மர வேலைக்கும் அவருக்கும் வெகு தூரம். ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அம்மா பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள். மாமாவுக்கு வேண்டியது உளியின் கழுத்துக்குக் கீழே கொல்லன் குத்தி வைத்திருக்கும் முத்திரை. வாங்கி வந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைப்பார். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் முத்திரை தாளில் எழும்பும். அதை ஒரு நோட்டில் ஒட்டுவார். ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாததால் கொல்லர்களுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். குடைக்காரர், மூன்று மீன்காரர், மலைக்காரர். எல்லோரையும் பற்றி ஏதோ சொந்தக்காரர்கள் போலப் பேசுவார். குடைக்காரர் அவசரக்காரராம், முத்திரை எப்போதும் சாய்ந்திருக்குமாம். மூன்று மீன்காரருக்குக் குடிப்பழக்கம் இருந்திருக்கும் என்று ஒரு சந்தேகம். மலைக்காரர் மட்டும் தங்கமான மனிதர். தாளைத் தேய்ப்பது என் வேலை. ஒன்பது வயதுக்கு எனக்குக் கை நிதானம் அதிகம் என்று மாமா ஒருமுறை சொல்லிவிட்டார், அதை நான் முழுதாக நம்பினேன்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா அங்கே கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். ஒருவர் தரையில் கிடந்த இழைப்புளியைக் காலால் நகர்த்தினாராம், அதோடு அவர் கதை முடிந்தது. மாமாவுக்கோ, கோயில் திருவிழாவில் அந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்கும் ஜப்பான் உளி என்றால் உயிர் என்று தெரிந்ததும், மலைக்காரரின் ஐந்து உளிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார். பூவும் பழமும் போதாதா என்று அம்மா கேட்டாள். கேட்டதோடு சரி.

சிக்கல் ஐந்தாவது உளியில் இருந்தது. நான்கில் மலையும் அதன் கீழே இரண்டு கோடுகளும் தெளிவாக இருந்தன. ஐந்தாவது அதே உருவம்தான், ஆனால் முத்திரை இல்லை. "இத மலைக்காரருதுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்லுறதுக்கா? இதுலயே பொண்ணோட அப்பா நம்மள எடை போட்டுருவாரு" என்று மாமா அம்மாவிடம் புலம்பினார்.

எனக்கு மாமா மீது பாசம் பொங்கிவிட்டது. மறுநாள் காலை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், ஒரு கான்கிரீட் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன். கூரான பக்கத்தை உன் பக்கம் வைத்துக்கொள்ளாதே என்பது அம்மாவின் கட்டளை. நான் கட்டளைக்குக் கீழ்ப்படியும் பிள்ளை. உளியின் வாயை அப்பால் திருப்பி, பிடியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, நோட்டைப் பார்த்துப் பார்த்து மலையைப் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். வாயில்தான் எஃகு, மேலே இருப்பது மென்மையான இரும்பு என்று மாமா சொல்லியிருந்தார். அது உண்மைதான், ஆணி நன்றாகவே இறங்கியது. திரும்பத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அங்கே போய்ப் பிரிக்கும்போது மாமா பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் மூவரும் தன்லியினுக்குப் போன பஸ்ஸும் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்தான். கதவுக்கு மேலே ஜப்பான் எழுத்துகள் அழிக்காமல் இருந்தன. பாலம் தாண்டும் வரை மாமா அவற்றையே முறைத்துக்கொண்டு வந்தார்.

பெண்ணின் அப்பாவைப் பட்டறையில் எல்லோரும் சயா என்றுதான் கூப்பிட்டார்கள், வாத்தியார் என்று கூப்பிடுவது மாதிரி. அவர் பூவையும் பழத்தையும் ஒதுக்கிவிட்டுத் துணியைப் பிரித்தார். முதல் உளியைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து, "தொப்பிக்காரன்" என்றார். மாமா பணிவாக, அது மலை என்றார். மலைக்கு விளிம்பு ஏது, இது தொப்பிதான் என்றார் சயா. மாமாவும் விடவில்லை. பெண் பார்க்க வந்ததை இருவருமே மறந்துவிட்டார்கள். சயா உள்பக்கம் திரும்பி டீ கொண்டுவரச் சொன்னார். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த வீட்டில் டீ வருகிறது என்றால் பெண் வருகிறாள் என்று அர்த்தம்.

அப்புறம் அவர் ஐந்தாவது உளியை எடுத்தார். தலையை வலப்பக்கம் சாய்த்தார். இடப்பக்கம் சாய்த்தார். உளியையே திருப்பினார். பூதக்கண்ணாடியோடு ஜன்னலுக்குப் போனார்.

"பழைய மார்க்குக்குள்ள உலைக் கருப்பு இருக்கும். இது பளபளங்குது. தொப்பி வேற கவுந்து கிண்ணமா கெடக்கு. யாரு குத்துனது?"

மாமா உளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றார் மாமா.

சயா உளியை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்தவன் பெயரைத் திருடிக் குத்துகிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்றார். உள்பக்கம் திரும்பி, டீ வேண்டாம் என்றார். அம்மா தட்டை எடுக்கக் குனிந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுந்து நின்று, "பொய் சொல்லுறாரு. நான்தான் குத்துனேன். அவருக்கு ஆணி அடிக்கவே தெரியாது, அம்மாவக் கேளுங்க" என்றேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்து, சின்னப் பிள்ளை உளறுகிறது, குத்தியது தான்தான் என்று மறுபடியும் சொன்னார். திருட்டுக்கும் ஓர் அளவில்லையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சயா ஓர் இரும்புத் துண்டையும் ஆணியையும் என் முன்னால் போட்டார். பட்டறை ஆட்கள் கூடிவிட்டார்கள். மாமாவிடமும் ஒரு சுத்தியல் கொடுக்கப்பட்டது. அவர் முதல் அடியிலேயே தன் கட்டை விரலை நசுக்கிக்கொண்டார். நான் பாட்டுக்கு மலையைக் குத்தி முடித்து நீட்டினேன். சயா கண்ணாடி வைத்துப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. கடைசியில் உரக்கவே சிரித்துவிட்டார்.

"மார்க்கு இல்லாட்டியும் இதுவும் தொப்பிக்காரன் அடிச்சதுதான். உளியோட தோளுல அரம் போட்டிருக்கிறதப் பாத்தாலே தெரியும். நீங்க மார்க்கையே பாத்தீங்க, உளியப் பாக்கலியே" என்றார் மாமாவிடம்.

அப்போது பெண் டீயோடு வந்து நின்றாள், கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். வேண்டாம் என்றேனே என்றார் அப்பா. "போட்டாச்சுப்பா. ஆறிப்போயிரும், குடிக்கச் சொல்லுங்க" என்று முதல் கோப்பையை, நசுங்கிய விரலை வாயில் வைத்திருந்த மாமாவிடம் நீட்டினாள்.

அன்றிலிருந்து நான் மாமாவோடு பேசவில்லை. திரும்பும்போது ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன். நான் குத்தியதைத் தான் குத்தியதாகச் சொன்ன மனிதரோடு எனக்கென்ன பேச்சு? கல்யாணத்தன்று, விஷயம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறாரே என்ற நல்ல எண்ணத்தில், புது அத்தையின் காதில் எச்சரித்தேன். இவர் அடுத்தவர் செய்ததையெல்லாம் தான் செய்ததாகச் சொல்லிவிடுவார் என்றேன்.

அத்தை என் கன்னத்தைப் பிடித்து, "தெரியும். அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்" என்றார்.

பாவம், இவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.