நாகவல்லியின் இருபதாவது கேஸ்

"தலைய குனி... குனிடின்றேன், இன்னா ரோசம் உனுக்கு?" என்று நாகவல்லி அதட்டிக்கொண்டிருக்கிறாள். அதட்டு வாங்குவது, பழைய புடவைத் துணியில் அவளே தைத்த ஒரு பொம்மை. எங்கள் சுகாதார நிலையத்தின் பின் வராந்தாவில், தினம் காலை எட்டு மணிக்கு, அடி போன கூடை ஒன்றின் வழியாக அது பிறக்கிறது.

பிரசவப் பயிற்சிக்கு ரப்பர் பொம்மை வாங்கச் சர்க்கார் 1973-லேயே பணம் ஒதுக்கிவிட்டது. பொம்மைதான் வரவில்லை. அந்த ஃபைல் என் மேஜைமேல் தூங்குகிறது, பக்கத்திலேயே நானும். இந்த நிலையத்தின் குமாஸ்தா அடியேன்தான்.

நாகவல்லிக்கு வயது இருபத்திரண்டு. வேப்பம்பட்டுப் பக்கம், செங்கல் சூளையில் மண் மிதிக்கிற குடும்பம். துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருஷம். மாதாமாதம் உதவித்தொகை, தங்க இடம், உடுத்த வெள்ளைப் புடவை எல்லாம் சர்க்கார் செலவு. "நான் சர்க்காருக்கு வாக்கப்பட்டவ சார். தாலிதான் கட்டல, சோறு போட்டுடுது" என்பாள். ஆள் நல்ல உயரம். "இந்த ஒயரத்துக்கு வெள்ளப் பொடவையா? கொக்குன்னு நென்ச்சிகினு எருமைங்க முதுவ காட்டுது சார்!"

பஸ்ஸில் எந்தப் பெண்ணின் வயிறு மேடிட்டிருந்தாலும் "எத்தினி மாசம்?" என்று கேட்டுவிடுவாள். பூந்தமல்லி பஸ்ஸில் ஒரு டீச்சரம்மாவிடம் அப்படிக் கேட்கப்போய், அந்த அம்மாள் வெறுமனே பருமன்தான் என்று தெரிந்து, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தே வந்து சேர்ந்தாள். அந்தக் கதையை அவளே நடித்துக் காட்டினால்தான் ருசி.

அவளுடைய உதவித்தொகைப் பட்டியலில் மாதாமாதம் 'பயிற்சி திருப்திகரம்' என்று எழுதுவது நான். இருபத்து மூன்று மாதம் எழுதியிருக்கிறேன். பின் வராந்தாவுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

ஒரே ஒரு சிக்கல். இருபது பிரசவம் சொந்தக் கையால் பார்த்து, நர்ஸம்மாவிடம் நோட்டில் கையெழுத்து வாங்கினால்தான் சர்டிபிகேட். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் படிக்க வேண்டும், உதவித்தொகை கிடையாது. அது இல்லாவிட்டால் சூளைதான். போன வாரம் அவள் பத்தொன்பதில் நின்றாள். எங்கள் திருவேற்காட்டில் எந்த வீட்டு வாசலை மிதித்தாலும், "கண்ணாலம் ஆவாத பொண்ணுக்கு இன்னாடி தெரியும்?" என்று விரட்டினார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பொம்மையை அதட்டவில்லை.

என் மனைவி தாட்சாயிணிக்கு அப்போது நிறைமாதம். "அக்காவ எங்கையில உடு சார், பூ மாதிரி பாத்துக்கறேன்" என்று நாகவல்லி என்னிடம் கேட்டாள். "எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தாயிற்றம்மா" என்று முனகிவிட்டு ஒரு ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஊரார் பெண்டாட்டிக்கு அவள் திருப்திகரம், என் பெண்டாட்டிக்கு எழும்பூர்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேய்மழை. கூவத்தில் வெள்ளம் வந்து தரைப்பாலம் முழுகிவிட்டது. பத்து நாள் இருக்கையிலேயே தாட்சாயிணிக்கு வலி கண்டுவிட்டது. டாக்சி தேடி ஓடிய நான் நனைந்த கோழியாகத் திரும்பி வந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "நாகவல்லியைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

"அவ படிக்கிற பொண்ணும்மா..."

"மாசாமாசம் திருப்திகரம்னு எழுதறேன்னு சொல்லுவீங்களே, அத்தனையும் பொய்யா?"

ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில், மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு என் முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்தாள். என் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய கேலி கிண்டலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "வெந்நீ வெச்சிட்டு நீ வெளிய நில்லு சார்." ஒன்றரை மணி நேரம் நின்றேன். நான் கும்பிடாத சாமி பாக்கியில்லை. உள்ளேயிருந்து, "மூச்ச உடுக்கா... அவ்ளோதான்... என் ராசாத்தி இல்ல?" என்று அவள் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அப்புறம் வேறொரு குரல் வீறிட்டது. பெண் குழந்தை. தாயும் சுகம்.

பயம் விட்டதும் எனக்குள் இருந்த பெரிய மனுஷன் எழுந்துவிட்டான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாகவல்லி, இருபது ஆயிற்று! நோட்டில் எழுதிக்கொள். இனி உனக்குக் கவலையில்லை" என்றேன், என்னமோ வள்ளல் மாதிரி.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "இருபது முந்தாநேத்து சாய்ங்காலமே ஆயிப்போச்சு சார். நர்ஸம்மா கையெழுத்தும் போட்டாங்க. நாளிக்கு ஆபீஸாண்ட வந்து காட்டலாம்னு இருந்தேன். இது கணக்குல வராது" என்றாள்.

"பின்னே இந்த மழையில் எதற்காக..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு முனியம்மா அவளுக்கென்று சூடாகக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நாகவல்லி அதை வாங்கி, வாய் வைக்காமல், என் கையைப் பிடித்து டம்ளரை அதில் வைத்து, என் நடுக்கம் நிற்கிறவரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.