ஒக்ஸ்போர்ட்டின் ஒற்றை வாசல்

அகதி வழக்கு முடியாமல் நானும் மனைவியும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் இருந்த காலம். சின்ன வில்லங்கம் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், பச்சை விளக்கு எரியாமல் தெருவைக்கூடக் கடக்கமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தமையன் எங்களைக் காரில் ஏற்றினார்.

“எட்டாம் வகுப்போட நிண்ட மனுசன் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போறார், வழி விடுங்கோ!” என்று அவர் என்னைக் காட்டிக் கத்த, மனைவி சிரித்தே களைத்துப்போனாள்.

அங்கே தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய கல்லூரி ஒன்றுக்குள் போனோம். நடுவில் கால் வைக்கக்கூடாத புல்வெளி, சுற்றிவரக் கூரான வளைவுகள், கூரை விளிம்பில் வாயைப் பிளந்த கல் முகங்கள். ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தையே பார்த்தன. தெருப்பக்கம் பெரும்பாலும் வெறும் சுவர்.

“ஏன் மச்சான் இப்பிடி?”

“முந்தி ஊர்ச்சனமும் படிக்க வந்தவையும் வெட்டுக்கொத்துப்பட்டவை. அதுதான் கோட்டை மாதிரிக் கட்டி ஒரு வாசல் வைச்சது. பூட்டினால் ஒருத்தரும் உள்ள வரவும் ஏலாது, வெளிய போகவும் ஏலாது.”

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும், வாசல் எவ்வளவு தூரம் என்பதிலேயே என் மனம் நின்றது.

மச்சான் காரை எடுக்க முன்னால் போனார். நாங்கள் கல்லூரிக்குள் இருந்த தேவாலயத்தின் நிறக்கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு வர, இரும்பு ஆணிகள் அடித்த பெரிய கதவு சாத்தியிருந்தது. முற்றத்தில் ஆளில்லை.

“வாசலடி அறையில ஒருத்தர் இருக்கிறார். கேளுங்கோவன்.”

“பேசாமல் நில். களவாய் நுழைஞ்சதெண்டு பொலிசைக் கூப்பிட்டால்?”

“ஒளிச்சு நிண்டால்தான் அப்பிடி நினைப்பினம்.”

வேறு வழி தேடி முற்றத்தைச் சுற்றினேன். எந்தக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாலும் படிக்கட்டு மேலேதான் போனது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. திரும்பி வர, மனைவி அந்த அறையின் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகக் காவலாளி வெளியே வந்தார். ஊரில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் நின்ற பழக்கம், என் கை தானாக அடையாளப் பத்திரத்தை எடுத்து நீட்டியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவை ஒரு விரலால் தள்ளினார். அது பூட்டியே இருக்கவில்லை.

தெருவில் வந்து கேட்டேன்: “உன்னட்டைப் பேர் கேட்டவரே?”

“ஓம். உங்கட பேர், விலாசம், சப்பாத்து அளவு எல்லாம் சொன்னனான்.”

பகிடி என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கிழமை முழுக்க, தபால் விழும் சத்தம் கேட்டால் அவளைத்தான் போய் எடுக்கச் சொன்னேன்.