ரிம்மில் வைத்த சந்தனப் பொட்டு

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையின் பின்பக்கத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

என் சொந்த ஊர் கரூர். வேலப்பன்சாவடிப் பக்கம் ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற முப்பத்தொரு வயதுப் பெண் நான். வார நாளில் கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை டிரயல்ஸ் சைக்கிள். இந்த சைக்கிளில் உட்கார சீட்டே இருக்காது. நின்றபடியே பாறை, பெட்டி, மதில் என்று தவளை மாதிரி தாவித் தாவிப் போக வேண்டும். பின் சக்கரத்தில் மட்டும் நின்று தாவுகிற விளையாட்டு என்பதால் உயிரே பிரேக்கில்தான் இருக்கிறது. பிரேக் கட்டை இரண்டு பக்கமும் ரிம்மைக் கவ்வினால், சக்கரம் ஓர் இம்மிகூட நகரக் கூடாது.

எனக்கு இதில் ஒரு கூட்டாளி உண்டு. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்து, மேலே சொன்ன பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். என்னைவிட நாலு வயது சின்னவன், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது. அவனுடைய ரிம் இரண்டையும் கை கிரைண்டரால் குறுக்குக் குறுக்காகக் கீறி வைத்திருப்பான். கீறின ரிம்மில் கட்டை நன்றாகக் கடித்துப் பிடிக்கும். ஆனால் பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சென்று கத்தும், கட்டையும் சீக்கிரம் தேயும். என் ரிம்மோ வழவழவென்று இருக்கும். மூன்று மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அதில் கிரைண்டரை வைப்பதா என்று எனக்குப் பதறும். சுத்தமாகத் துடைத்து, நல்ல கட்டை போட்டால் வழவழ ரிம்மே போதும் என்று அவனுக்குப் பக்கம் பக்கமாக மெசேஜ் அனுப்புவேன். அவனிடமிருந்து ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும்.

"இன்னாக்கா, ரிம்மு கண்ணாடி மாரி கீது. மூஞ்சி பாக்கவா, பிரேக் புடிக்கவா?"

ஒரு வருஷமாக இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, எங்களுக்குப் பழக இடமே கிடைக்காதது. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த கான்கிரீட் கட்டைகளைப் பார்த்தாலே எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். பக்கத்தில் போனாலே காவலாளி விசிலடித்து விரட்டுவார். வேப்பம்பட்டில் ஒரு காலி மனையில் நட்டிருந்த கற்கள் மேல் தாவினோம். மனை அளக்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஊரே கூடிவிட்டது. சதுர அடி என்ன போகிறது என்று எங்களிடமே விசாரித்தார்கள்.

அப்போதுதான் அவன் பட்டறை முதலாளியம்மாவிடம் பேசிப் பார்த்தான். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பட்டறைக்குப் பின்னால் சிமெண்ட் தரை போட்டு, சுற்றி மதில் வைத்த பெரிய காலியிடம் ஒன்று கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஊழியர்கள் குடும்பத்தோடு வருவார்கள், அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள், யாருக்கும் அடிபடாத விளையாட்டு என்று தெரிந்தால் ஞாயிறு தோறும் இடம் உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பூஜை அன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். மெஷினுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பொரி, சுண்டல். லேத்திலிருந்து ஸ்பேனர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் சைக்கிள்களையும் நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். அவன் சைக்கிளுக்கு யாரோ அங்கங்கே அள்ளி அப்பினார்கள். என் சைக்கிளுக்கு நானே பார்த்துப் பார்த்து வைத்தேன். அதுவும் எங்கே? பளபளக்கும் பின் ரிம்மில், இரண்டு பக்கமும், ஒரு சாணுக்கு ஒரு பொட்டு. கீறல் விழுந்த ரிம்மில் இந்த அழகு வருமா என்று அவனைச் சீண்டினேன். சாமி கும்பிட்டு முடித்ததும், பூசணிக்காய் உடைத்து, பின்பக்கத் தரையைக் கழுவி விட்டார்கள். நான் கைக்குட்டையால் ரிம்மை ஒரு துடைப்புத் துடைத்தேன். அவ்வளவுதான் என் முன்னெச்சரிக்கை.

முதலில் அவன் இறங்கினான். அவன் ரிம்மிலும் சந்தனம் காய்ந்துபோய்க் கிடந்தது. முதல் பிரேக்கிலேயே கீச்சென்று அத்தனையையும் சுரண்டித் தள்ளிவிட்டு நின்றது சக்கரம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டிரம் மேல் ஏறினான், மதில் ஓரம் ஒற்றைச் சக்கரத்தில் தாவினான், ஒரே கைத்தட்டல்.

அடுத்தது நான். ஈரத் தரையில் ஒரு சுற்று சுற்றி வந்து, அடுக்கி வைத்த மரப் பலகைகள் மேல் ஏறினேன். தொடை உயரம் இருக்கும். கீழே என் கூட்டாளி மல்லாந்து படுத்துக்கொண்டான். பலகை விளிம்பில் பின் சக்கரத்தில் நின்று, அவனைத் தாண்டி அந்தப் பக்கம் குதிப்பதுதான் கடைசிக் காட்சி. ஏறும்போதே பிரேக் கொஞ்சம் வழுக்கின மாதிரி இருந்தது. அப்போதே இறங்கியிருக்கலாம். அறுபது பேர் கை தட்டும்போது யாருக்கு இறங்க மனசு வரும்?

முன் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை அழுத்தி, விளிம்பில் நின்றேன். நின்றேன் என்றுதான் நினைத்தேன். பொட்டிலிருந்து மிச்சமிருந்த சந்தனம் ஈரத்தில் கரைந்து ரிம் முழுக்கக் கூழாகியிருக்கிறது. கட்டை கவ்வவே இல்லை. சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டது. சைக்கிள் என் காலடியிலிருந்து நழுவி முன்னால் பாய, நான் பலகை மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். நல்லவேளை, ஒரு கை மட்டும் ஹேண்டில்பாரை விடவில்லை. அந்த இழுப்பில் சைக்கிள் பக்கவாட்டில் சரிந்து, முள்முள்ளாக இருக்கும் பெடல் அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் மோதியது. சிமெண்ட் பெயர்ந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதலாளியம்மா எழுந்து நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, இடம் போச்சு.

அதற்குள் இவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

"என் மேல தான் மேடம் தப்பு. நான் அசைஞ்சிட்டேன். அதான் அக்கா பயந்துட்டாங்க."

அவர் அவன் பக்கம் திரும்பி, படுத்திருக்கிறவன் அசையலாமா, உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று திட்ட ஆரம்பித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படியே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பெடல் காதோரம் விழுந்தவன் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான், நான் பலகை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இறங்கி வந்தேன். அவன் அசையவே இல்லை, என் பிரேக்தான் பிடிக்கவில்லை, ரிம்மைக் கீறச் சொல்லி ஒரு வருஷமாகக் கேட்கிறான், நான்தான் வீம்புக்கு மாட்டேன் என்றேன், பொட்டு வைத்ததும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கடைசியில் அழுகையே வந்துவிட்டது.

முதலாளியம்மா குனிந்து என் ரிம்மை விரலால் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவன் ரிம்மைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிரேக் புடிக்கிற எடத்துல போய் பொட்டு வெப்பாங்களாங்க? நீங்க இன்ஜினியர் தானே?"

பட்டறையே வெடித்துச் சிரித்தது. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். இப்பவே கீறிவிடலாம் என்று நான் கை கிரைண்டரைத் தேட, அதுவோ மாலையோடு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து முதல் வேலையாக ஏதாவது ஒன்றைத் தொட்டு வைப்பார்கள். அந்த வருஷ வேலை நல்லபடியாகப் போக வேண்டும் என்று அந்த முதல் வேலையை யோசித்துத்தான் எடுப்பார்களாம். முதலாளியம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "நாளைக்கு எங்க மொத வேலை உங்க ரிம்மு தான். ஒம்பது மணிக்குள்ள வந்துடுங்க" என்றார். பார்க்கப் பிரியப்பட்டவர்களும் வரலாம் என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார்.

மறுநாள் எட்டே காலுக்கே நான் பட்டறை வாசலில் நின்றேன். கற்பூரம் காட்டி, மாலையைக் கழற்றி, கிரைண்டரை என் கூட்டாளி கையில் கொடுத்தார்கள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். தீப்பொறி பறக்கும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தால், அலுமினியம் என்பதால் சாம்பல் நிறத் தூள்தான் கொட்டியது. மூன்று மாதம் காத்திருந்து வாங்கின பளபளப்பு பத்து நிமிஷத்தில் போய்விட்டது. வருத்தப்படக்கூட எனக்கு நேரம் இல்லை, அத்தனை பரபரப்பு.

தரையைக் காயவிட்டு, பலகை மேல் ஏறி, பிரேக்கை ஒரே விரலால் தொட்டேன். சக்கரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. முந்தின நாள் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப வந்திருந்தார்கள். கீழே ஒரு மூட்டையை வைத்துக் குதிக்கலாம் என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவன் அதே இடத்தில், பெயர்ந்த சிமெண்டுக்குப் பக்கத்திலேயே, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான்.

"குதிக்கா. வெயிலு ஏறுது."

குதித்தேன். அவனைத் தாண்டி இரண்டடி அந்தப் பக்கம், இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்கின. எழுந்த கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முதலாளியம்மா பின்பக்கக் கதவின் சாவியை அவன் கையில் கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் எங்களுடையதுதான்.

ஆபீசிலும் வீட்டிலும் நான் சொல்வதுதான் சரி என்று எனக்கு வீம்பு ஏறும்போதெல்லாம், அதை நம்பி எனக்கு எதிரே யாராவது படுத்திருக்கிறார்களா என்று இப்போது ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.