கிளச்சை மிதித்த கால்

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருடம், ஆயுத பூஜையன்று நடந்தது இது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஊர். மதுரையில் பி.ஏ. முடித்திருந்த நான், அப்பா காலமானதால் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பியிருந்தேன். என் மனைவி நிறைமாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில் ஆகிவிட்டது. இரண்டாவது நம் வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். வீரசோழன் வியாபாரி ஒருவர் கைமாற்றிவிட்ட பழைய கறுப்புக் கார். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். அதை நான் ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம். டிரைவர் கிடையாது. ஓட்டுவதும் நானே, கழுவுவதும் நானே. அதன்மேல் இன்னொருவர் துணி பட்டால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் பக்கத்தில் கார் கழுவுவது லேசான காரியமில்லை. குடிதண்ணீர் ஊருணியில் கிடைப்பதுதான். அதை எடுத்துக் காரில் ஊற்றினால் ஊரே அடிக்க வரும். கிணற்றுத் தண்ணீரோ உப்பு. அது வெயிலில் தகட்டின்மேல் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். காய்வதற்குள் துடைத்தாக வேண்டும். அதனால் ஆரம்பித்தால் நடுவில் நிமிரவே முடியாது. சக்கரத்தருகே மண்டி போட்டு, மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டு, இறுகிப்போன கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுப்பேன். முதுகு வில்லாக வளைந்தே கிடக்கும்.

அன்று காலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்த மனைவி ஒரு மணைப்பலகையை என் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, பின்னாடி வேப்பமரத்து நெழல்ல நிப்பாட்டுனா தண்ணி சட்டுனு காயாதுல்ல? ஒவ்வொரு பக்கமா ஆற அமரக் கழுவலாம். இந்த மணையப் போட்டு உக்காந்து செய்யுங்க. முட்டி போடாதீக, முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"மணையில உக்கார நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா? ஒன்ன மாதிரி பொழுதன்னிக்கும் முதுகு வலிக்குதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல, போ."

அவள் மணையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதமாகவே முதுகு விட்டுப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பதால்தான் வலிக்கிறது என்று, படித்தவன் என்கிற திமிரில் அவளுக்கு நான் விளக்கம் வேறு சொல்லியிருந்தேன். நிழலுக்குப் போகாததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேப்பமரம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வைத்துக் கழுவினால் தெருவில் போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

உச்சிவேளைக்குள் கார் கண்ணாடியாக மின்னியது. ஏர், கலப்பை, மாட்டு வண்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, நடுநாயகமாகக் காரை நிறுத்தி மாலை போட்டோம். சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தோம். சூடம் காட்டியதும் நான் காரின்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன்.

எழுந்திருக்க முடியவில்லை.

இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்தது போல ஒரு வலி. இடது கால் என்னுடையது இல்லை என்பது போலக் கிடந்தது. கூட்டத்தில் ஒருவர், "எம்புட்டு பக்தி பாரு, எந்திரிக்கவே மனசு வரல!" என்றார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் பெரியப்பா மகனான அண்ணன்தான் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, பக்தி இல்லடா, பயலுக்கு இடுப்பு புடிச்சிருச்சு!" என்று கத்தினார். நாலு பேர் சேர்ந்து பருத்தித் தாட்டு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள்.

மனைவி உப்பை வறுத்து, துணியில் முடிந்து, என் முதுகில் ஒத்தடம் கொடுத்தாள். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கை மட்டும் இடையிடையே நின்று நின்று நகர்ந்தது. ஏன் நிறுத்துகிறாய் என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. பூஜை முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரிந்தது, மூட்டை கைநழுவி விழுந்து, அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான்.

மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"புள்ள குறுக்க கெடக்கு, தாயி. எங் கையில ஆகாது. டவுனு ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க. பொழுது சாய விட்டீகன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

மாட்டு வண்டியில் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேலும் முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் பாதை களியாகிக் கிடந்தது. கார் ஒன்றுதான் வழி. ஆனால் பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா விறுவிறுவென்று போய்க் காரின் மாலையைக் கழற்றினார்.

"ஆத்தா மன்னிச்சுக்கிருவா. வண்டிய எடுங்கப்பா."

எடுப்பது யார்? ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். என்னைத் தூக்கி ஸ்டியரிங்கின் முன் உட்கார வைத்தார்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து, வேட்டியால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். கையும் வலது காலும் வேலை செய்தன. இடது காலால் கிளச்சை அழுத்தப் போனேன், கண் இருட்டிவிட்டது. அண்ணன், "நான் மிதிக்கிறேன், நீ சொல்லு" என்று பக்கத்தில் ஏறினார். கிணற்றில் நீர் இறைக்கும் கமலை மாட்டை விரட்டிப் பழகியவர். ஓங்கி மிதித்தார், சட்டென்று விட்டார். கார் ஆடு மாதிரித் துள்ளி நின்றுபோனது. மறுபடியும் மிதித்தார். மறுபடியும் அதே துள்ளல். ஒவ்வொரு துள்ளலுக்கும் பின் சீட்டில் அம்மாவின் மடியில் படுத்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது தடவை அவளே எழுந்து உட்கார்ந்தாள்.

"மச்சான், நீங்க எறங்குங்க. நான் மிதிக்கிறேன்."

"ஏ தாயி, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் அண்ணன்.

"தையல் மிஷினு மிதிச்ச காலு மச்சான். பைய விடத் தெரியும். இந்தக் குலுக்கல்ல பின்னாடி கெடந்தா நான் டவுனு போய்ச் சேர மாட்டேன்."

விவாதிக்க நேரமில்லை. அவளை முன்னால் ஏற்றினார்கள். கியர்க் கம்பிக்கு இந்தப் பக்கமாக வலது காலைப் போட்டு, என்னை ஒட்டி உட்கார்ந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை தெருவில் என் பக்கத்தில்கூட நடந்து வராதவள் அவள்.

"ம்" என்றேன். மிதித்தாள். கியர் போட்டேன். "விடு" என்றேன். சோறு வடிக்கும்போது பானையைச் சாய்ப்பது போல அவ்வளவு பதமாக விட்டாள். கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, குலுங்காமல் நகர்ந்தது.

அந்தப் பாதையை நான் எப்படிச் சொல்வேன்! களியில் சக்கரம் வழுக்கும்போதும், ஓடையில் இறங்கும்போதும், எதிரே செம்மறிக் கிடை ஆடுகள் வரும்போதும் கிளச்சு வேண்டும். நான் "ம்" என்பேன், அந்தக் கால் இறங்கும். கொஞ்ச தூரத்தில் நான் சொல்வதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டே மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். வலி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். நகம் சதையில் இறங்கும். உடம்பு முழுக்க நடுங்கும். கால் மட்டும் நடுங்காது. அழுத்திய இடத்திலேயே நிற்கும். நான் சாலையைப் பார்க்க வேண்டியவன், பார்வை திரும்பத் திரும்ப அந்தக் காலுக்கே போனது. மஞ்சள் பூசிய, வீங்கிப்போன, சாதாரணக் கால்.

கல் போட்டு இறுக்கிய கப்பிச் சாலையில் ஏறியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. முகமெல்லாம் வியர்வையோடு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு முதுகு எப்படி இருக்கு?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அன்று காலை அவள் முதுகைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்தினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மாவும் கூட ஓடினார். சீட்டோடு கட்டிப்போட்டிருந்த என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காலையில் முகம் பார்க்கலாம் போலிருந்த கார், கூரைவரை சேற்றோடு நின்றது. அதற்குள் அசைய முடியாமல், ஜன்னல் வழியே அந்தக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பிழைக்க வைத்தால் போதும் என்று எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று இப்போது நினைவில்லை.

டாக்டரம்மா குழந்தையைத் திருப்பி எடுத்தார். இருவரும் பிழைத்தார்கள். அம்மா துணிச் சுருளோடு வந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினார். "பாருய்யா, ஓம் மக. ஆத்தாளும் சொகமா இருக்கா. நீ எறங்கி வாரியா, இல்ல இதுக்குள்ளயே குடியிருக்கப் போறியா?"

சிரித்தேன். சிரித்ததில் முதுகு வலித்தது. அழுதேன்; அதிலும் வலித்தது.

பல நாள் கழித்து, அந்த வலியில் எப்படி மிதித்தாய் என்று அவளிடம் கேட்டேன். "வலி வந்தா எதையாச்சும் ஒதைக்கணும் போலத்தான இருக்கும்? ஒதைக்க ஒன்னு கெடச்சுச்சு" என்று சொல்லிவிட்டுத் தொட்டிலை ஆட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கார் பின்பக்க வேப்பமர நிழலில்தான் நின்றது. மணையில் உட்கார்ந்துதான் சக்கரம் கழுவினேன். முட்டி ஊன்ற வேண்டி வந்தால் கீழே சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வேன். அடிப்பக்கம் தேய்க்க, தேங்காய் நார்க் கட்டையை நீளமான கம்பில் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு சக்கரம் முடிந்ததும், "போதும், எந்திரிச்சு நடங்க" என்று அடுக்களையிலிருந்தே குரல் வரும். எழுந்து நடப்பேன். அதற்குப் பின் கார்கள் மாறின. என் முதுகு இந்த வயதிலும் நிமிர்ந்து நிற்கிறது.

அவள் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அன்று காலையில் சொன்னது தப்பு என்ற ஒரு வார்த்தையை அவளிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ நாட்கள் இருந்தன. இன்றும் யாராவது வலிக்கிறது என்று சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்காமல் முதலில் ஒரு மணையை எடுத்துப் போடுகிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை எனக்குச் சொல்லத் தெரிந்த விதம் அது ஒன்றுதான்.