பேராலய மதிலுக்கு அடித்த வெள்ளை

மக்டலீன் வாளிக்குள் தடியை விட்டுச் சுண்ணாம்பைக் கட்டியில்லாமல் கரைத்தாள். ஒரு துளி நீலம் விட்டாள். அகலத் தூரிகையைத் தோய்த்து மதிலில் இழுத்தாள். வயது ஐம்பத்தாறு, மன்னாரில் பிறந்தவள். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள இந்தச் சிறு நகரத்தின் பேராலயத்தைப் பன்னிரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். முழங்கால் நோகும். வேலை பிடிக்கும்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு மாதாவின் திருநாள். வருடத்தில் ஒருமுறை பேராலய முற்றத்தில் தமிழ்ப் பூசை. வுப்பர்டால் போன்ற வேறு நகரங்களிலிருந்தும் சனம் வரும். மன்னாரில் திருநாள் வந்தால் கோயில் மதிலுக்கு வெள்ளை அடிப்பார்கள். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இங்கே மாதாவை வைக்கும் இடத்தில் மதில் கறுத்துக் கிடந்தது. மதியத்துக்குள் நாலு மீட்டர் பளிச்சென்றாகிவிட்டது.

பூ அலங்காரத்துக்கு அளவெடுக்க வந்த சிநேகிதி புஸ்பவதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எடியே, இது எழுநூறு வருசத்து மதிலடி! மன்னார்க் கோயிலெண்டு நினைச்சியோ?"

"ஊத்தையாக் கிடந்தது."

"அது ஊத்தையில்லை, சரித்திரம். உன்னை வேலையால கலைக்கப் போறாங்கள், பார்."

மக்டலீன் அப்போதுதான் மதிலைத் திரும்பிப் பார்த்தாள். வேலை போனால் வேறு தேடலாம். இனி முற்றத்தைத் தமிழருக்குத் தராமல் விட்டால்? தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டுத் தானே போய், பேராலயத்தின் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் கெஸ்லரைக் கூட்டிவந்தாள். அவர் மதிலைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார்.

"ஃப்ராவ் சூசைதாசன்," என்றார். வேலையிடத்தில் அவளைக் கணவன் பெயரோடு திருமதி என்றுதான் அழைப்பார்கள். "இதில் பசை கலந்தீர்களா?"

"இல்லை. சுண்ணாம்பு, தண்ணீர், கொஞ்சம் நீலம்."

"காய்ந்து இறுகினால் முற்றத்தை மூடித்தான் சுரண்ட வேண்டும். பூசையும் இல்லை. ஈரமாக இருந்தால் மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம். என் ஆட்கள் நாளைக்குத்தான் வருவார்கள்."

"காயாது," என்றாள் மக்டலீன்.

வீட்டிலிருந்த பழைய படுக்கைவிரிப்புகள் எல்லாம் வந்தன. நனைத்து மதிலில் தொங்கவிட்டாள். புஸ்பவதி தண்ணீர் சுமந்தாள்.

"காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போட்ட மாதிரியெல்லோ கிடக்கு!"

"கதையை விட்டுட்டு ஊத்து."

பொழுதுபட முன்னர் மேலே பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திக் கல் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மக்டலீன் விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை ஒட்டியது. கெஸ்லரின் ஆட்கள் இருவரும் வந்ததும் தானும் ஒரு தூரிகையை வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளாக நின்றாள். பத்தரைக்குப் பழைய கறுப்பு வெளியே வந்துவிட்டது. கெஸ்லர் கடைசிக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு முற்றத்துச் சாவியை நீட்டினார். அவள் கையைத் துடைத்து அதை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்காலிகளை இறக்கப் போனாள்.