தவக்காலத்தில் கால்பந்தை விட்டேன்

காக்ஸ் டவுனில் எங்கள் தெருவின் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்களும் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வாரம், ஈஸ்டர் வரை எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கறி, டீ, சீரியல் என்று ஆளுக்கு ஒன்று. மனதுக்குள் வேண்டிக்கொண்டால் சத்தமில்லாமல் பின்வாங்கலாம். பதினைந்து வீடும் கேட்கச் சொல்லிவிட்டால் தப்ப வழியில்லை.

நான் வருஷா வருஷம் காபியை விடுவேன். முதல் வாரம் முழுக்கத் தலைவலி. என் முகத்தைப் பார்த்தே நான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தவக்காலம் வந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வருஷம் புத்தி வேறு விதமாக வேலை செய்தது. "நான் ஃபுட்பால் பாக்கறத விடறேன்" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயதிலும் ஜெர்சி போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போகும் கணக்கு டீச்சரை அந்தத் தெரு நன்றாக அறியும். எதிர் வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய ஒறுத்தல் டீச்சர்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் ஊர் அணி அப்போது பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதுதான் தண்டனை, விடுவது அல்ல. விற்காத காய்கறியைக் கோயிலுக்குக் கொடுக்கிறவன் மாதிரி நடந்துகொண்டேன்.

எனக்கு ஒரே தம்பி. ஊரின் மறுகோடியான ஹெப்பகோடியில் வீடு, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அம்மா இறந்த அன்று, ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் அவனால் ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தது. சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து, "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டேன். அடக்கம் முடிந்து போனவன் அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கோபம் சீக்கிரமே போய்விட்டது. ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மேட்சில் எங்கள் ஆள் பாதி மைதானத்திலிருந்து கோல் போட்டபோது என் போனில் அவன் மெசேஜ் வந்தது. "பாத்தியாக்கா?"

"பாத்தேன்" என்று போட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மேட்சுக்கும் தொண்ணூறு நிமிஷம் மெசேஜிலேயே பேசினோம். திட்டுவோம், புலம்புவோம், ரெஃப்ரியின் கண்பார்வையைச் சந்தேகிப்போம். கடைசி விசில் ஊதியதும் நிறுத்திவிடுவோம். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஃபுட்பாலை விடுகிறேன் என்று சொன்ன அன்று, வெட்கக்கேடு, இது என் நினைவுக்கே வரவில்லை.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை டிவியை அணைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. "அக்கா, பாக்குறியா?" திறந்தால் ஸ்கோர் தெரிந்துவிடும் என்று குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அன்று ஜெயித்தார்கள். அடுத்த வாரமும் ஜெயித்தார்கள். "எங்கக்கா போன?" என்று வந்தது. மூன்றாவது வாரம், "உடம்பு சரியில்லையா?" நான்காவதும் ஜெயித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள்.

"எல்லாம் உங்க ஒறுத்தலோட பலன் டீச்சர். இப்போ போயி பாத்து கெடுத்துடாதீங்க" என்றார் எதிர் வீட்டு அம்மா. தெருவே என்னைக் காவல் காத்தது.

தம்பிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். மேட்சைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத இடத்தில், சுலபமாக இருக்கும் என்று ஃபுட்பாலை விட்டேன் என்று எப்படி எழுதுவது? நாலு தடவை டைப் செய்து அழித்தேன். முதல் பிளேஆஃப் மேட்ச் அன்று அவனிடமிருந்து "சரி" என்று மட்டும் வந்தது. அரையிறுதியில் பெனால்டியில் ஜெயித்ததும், தெருமுனையில் பட்டாசு வெடித்தார்கள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஃபைனல் ஈஸ்டர் அன்று சாயங்காலம். காலைப் பூசை முடிந்ததும் பிரியாணி செய்து டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஹெப்பகோடிக்கு மெட்ரோ வந்துவிட்டதால், தூரம் என்ற சாக்கும் போய்விட்டது. தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள், நேற்றுதான் வந்து போனவளிடம் சொல்வது போல. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து நின்றான். தலை நரைத்திருந்தது.

"மேட்ச் பாக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

"இத்தன மேட்ச் எங்க போயிருந்த?"

சொன்னேன். விற்காத காய்கறிக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு டிவியைப் பார்த்தபடியே, "நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேனோன்னு பழைய மெசேஜ் எல்லாம் எடுத்து படிச்சு பாத்தேன்" என்றான்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரியில நான் அப்படி கேட்டிருக்கக் கூடாதுடா."

"மேட்ச பாருக்கா" என்றான். ஆனால் சோபாவில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

அறுபதாவது நிமிஷம் ஒரு கோல் வாங்கினோம். கடைசிவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை. விசில் ஊதியதும் தம்பி உள்ளே போய் ஒரு கிலோ ஜிலேபிப் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தான். தோற்றாலும் சாப்பிடுவது என்று காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறான். "கடைசி எடத்துலருந்து ஃபைனல் வரைக்கும் வந்தானுங்க. இன்னும் என்ன வேணும்?" பக்கத்து வீட்டு ஒரியாக்காரர்களுக்கும் கொடுத்தோம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அவர்கள் கைகுலுக்கினார்கள். நாங்களும் திருத்தவில்லை.

தம்பி ஸ்டேஷன் வரை கூடவே வந்தான். "நீ பாக்காதப்ப எல்லாம் ஜெயிச்சானுங்க. நீ பாத்த ஒரே மேட்ச், போச்சு. அடுத்த வருஷமும் இதையே விட்டுடு" என்றான். நான் காபியையே விடுவதாகச் சொன்னேன்.

ரயில் நகர்ந்த பிறகு போன் அதிர்ந்தது. மேட்ச் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"உக்கார எடம் கெடச்சுதாக்கா?"

"கெடச்சுது" என்று போட்டேன்.