பெரிய கிளாக்கருக்கு மட்டும் அடிக்காத கீபோர்ட்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் தேயிலைத் தூள் கொட்டும். ஆபீஸ் மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதில் கொட்டிய தூளைப் பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இதுதான், பிள்ளை, சங்கதி. இனி எழுத்து அடிக்கும்" என்றார் என்னிடம். அடிக்கவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். கணினியை அணைத்தோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல் அடித்தது. தூளா, வயரா, தேத்தண்ணியா, எது சரிசெய்தது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

தலவாக்கலைக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கணினி வந்தது இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டித்தான். ஹட்டனில் ஆறு மாதம் படித்த சான்றிதழோடு நானும் அதன் பின்னாலேயே வேலைக்கு வந்தேன். தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தி ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக அதே ஜன்னலோரத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு இருந்தவர். தோட்டத்து மேனேஜராகப் புதிதாக வந்த துரை அவருக்கு மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் கடிதமெல்லாம் கணினியில் வர வேண்டும், இல்லாவிட்டால் பெரிய கிளாக்கர் நாற்காலியை விட்டு ஃபாக்டரி ஸ்டோருக்குப் போய்ச் சாக்கு எண்ண வேண்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அந்த இரண்டு வருடத்தை அந்த நாற்காலியிலேயே கழித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

மனுஷன் இரண்டே வாரத்தில் படித்துக்கொண்டார். என்னைவிட மூன்று மடங்கு வேகம். ஆனால் வாரத்தில் இரண்டு தடவையாவது, நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்ட் செத்துப்போகும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறொன்று இரவல் வாங்கி மாட்டினோம். அதுவும் அடிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் இரண்டுமே அடித்தன. ஹட்டனிலிருந்து வந்த ரிப்பேர்காரர் அரை நாள் உட்கார்ந்து, ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். நான் உட்கார்ந்தால் நிற்பதேயில்லை, அவர் உட்கார்ந்தால்தான் நிற்கும். அதிலும் ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கடிதம் கேட்டு வந்து நிற்கும் நாளில்தான் அதிகம். "பொம்பளைங்கள கண்டா மிஷினுக்கு வெக்கம் வந்துருதுங்கய்யா" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

அடையாள அட்டைக்குத் தோட்டத்துக் கடிதம் வேண்டும். அதில் பெயர்களெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அவருடைய பழைய தட்டச்சு இயந்திரத்தில் பெரிய எழுத்துக்கான பூட்டு எப்போதோ உடைந்துவிட்டதாம். அதனால் வலக்கைச் சுண்டுவிரலால் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "புருசன்ர பேர்?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பது அவர் வழக்கம். கணினியிலும் அதே வழக்கம்தான். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள், பின்னால் நிற்பவளை இடிப்பார்கள், "அடி கமலா, எங்க வீட்டுக்காரரு பேர நீ சொல்லுடி" என்பார்கள். கமலா வந்து சொல்லும்வரை இவர் சுண்டுவிரலை எடுக்காமல் காத்திருப்பார். இடையில் கணினி கீச்சென்று கத்தும், திரையில் ஒரு பெட்டி வரும். "பிள்ளை, இது ஏதோ கேக்குது" என்பார். நான் எழுந்து போய் ஓகே கொடுத்துவிட்டு வருவேன். என்ன பெட்டி வந்தாலும் ஓகே கொடு என்றுதான் ஹட்டனில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தவணை முடிகிற வாரம் துரை வந்து பின்னால் நின்றார். ஜன்னலில் நின்றவள் புருஷன் பெயரைச் சொல்லாமல் நெளிந்தாள், பெட்டி வந்தது, ஓகே கொடுத்தேன். பெயர் கிடைத்ததும் பெரிய கிளாக்கர் படபடவென்று அடித்தார். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. அவர் நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் யாருக்கும் வியர்த்து நான் பார்த்ததில்லை. துரை அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, தன் தடித்த ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நிதானத்தில் அழுத்தினார். ஒவ்வோர் எழுத்தாக வந்தது!

"மிஷின் நல்லாத்தானே இருக்கு. ஆள்தான் சரியில்ல" என்றார் துரை.

"நான் ஒண்டும் செய்யேல்லை, சேர்" என்றார் பெரிய கிளாக்கர். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் ஸ்டோருக்குப் போனார். அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. நான் பெயர்களை முதலில் தாளில் எழுதிக்கொண்டு பிறகு அடிப்பேன், கீபோர்ட் ஒருநாளும் நிற்கவில்லை. அதனால் துரை சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏழெட்டு வருடம் கழித்து, டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலையாக இருந்தேன். வயதான அம்மா ஒருவரிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு மகளைத் தேடினார். மகள் வரட்டும் என்று முதல் எழுத்துக்காக ஷிப்டை அழுத்தியபடியே இருந்தேன். கீச்சென்றது, பெட்டி வந்தது. ஏனோ அன்றைக்குத்தான் வாசித்தேன். வலப்பக்க ஷிப்டை எட்டு விநாடி பிடித்திருக்கிறீர்கள், இனி பட்டென்று அழுத்தும் விசைகளை விட்டுவிட்டு, நிதானமாக அழுத்துபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தது. ஓகே கொடுத்தால் சம்மதம். படபடவென்று அடித்தவரை அது தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் நிதானமாக அழுத்திய துரையை எடுத்துக்கொண்டிருக்கிறது, கணினியை அணைத்துப் போட்டால் அந்தச் சம்மதத்தையே மறந்திருக்கிறது. அத்தனை தடவையும் சம்மதம் கொடுத்தது நான்தான்.

பெரிய கிளாக்கர் கொழும்பில் மகளோடு இருந்தார். நம்பர் தேடி எடுத்துப் போன் போட்டு, ஷிப்டையும் எட்டு விநாடியையும் சொன்னேன். ஓகே கொடுத்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப நான் பழுதாக்கேல்லை?"

"இல்லீங்கய்யா. நீங்க ஒண்ணுமே பண்ணல."

"நான் பழுதாக்கேல்லையாம்" என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், கோபமே இல்லாமல், விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்கிறவராகக் கேட்டார்:

"அண்டைக்கு அந்த மிஷின் ஏன் இதை எங்களுக்குச் சொல்லேல்லை பிள்ளை?"

"தெரியலீங்கய்யா" என்றேன்.